சொங்யெசொன் ஓடைக்கரையில் வழிகாட்டியோடு ஒரு நடை

பிள்ளைகள் தென்கொரியத் தலைநகர் சியோலில் வசித்து, நீங்கள் அங்கே போய்த் தங்க நேர்ந்தால், அரண்மனையையும் கடைத்தெருவையும் அவர்களே காட்டிவிடுவார்கள். சொங்யெசொன் ஓடையை மட்டும் சியோல் மாநகரம் நடத்தும் நடைச் சுற்றுலாவில் வழிகாட்டியோடு பாருங்கள். இலவசம். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். தமிழ் கிடையாது, ஆங்கிலம் உண்டு. எனக்குப் புரியாததை மகள் சொன்னாள்.

நான் தருமபுரியில் பொதுப்பணித் துறையில் ஏரி, மதகு, வாய்க்கால் என்றே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அதனால் அழகைவிடத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்றுதான் கண் போனது. இந்தச் சுற்றுலாவின் சிறப்பே, அதைக் கேட்டால் பதில் கிடைக்கிறது என்பதுதான்.

கொரியப் போருக்குப் பிறகு குடிசையும் சாக்கடையுமாகக் கிடந்த ஓடை இது. 1958 முதல் கான்கிரீட் போட்டு மூடி, அதன்மேல் மேம்பாலச் சாலையும் கட்டினார்கள். 2003 ஜூலையில் அத்தனையையும் இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்துவிட்டார்கள். அப்போதைய மேயர் லீ மியுங் பாக் பிற்பாடு நாட்டின் அதிபரே ஆனார்.

குவாங்தோங்யோ பாலத்தின் அடியில் வழிகாட்டி எங்களை நிறுத்தினார். 1410இல் மன்னர் தேஜோங் இதைக் கல்பாலமாகக் கட்டியபோது, தன் சிற்றன்னையின் கல்லறைக் கற்களைக் கொண்டுவந்து போட்டாராம். மேகமும் கொடியும் செதுக்கிய கல் ஒன்று தலைகீழாகவே இருக்கிறது. குனிந்து தடவிப் பார்த்தேன். உளி வேலை இன்னும் மழுங்கவில்லை. பாலம் பழைய இடத்தில் இல்லை, சற்றுத் தள்ளி எடுத்துக் கட்டியது என்பதையும் வழிகாட்டி அம்மா மறைக்காமல் சொன்னார்.

அப்புறம் கரைச்சுவரில் வரிசையாக இருக்கும் கதவுகளைக் காட்டினார். நான் பார்க்கப் போனதே இதற்குத்தான். கழிவுநீருக்கு ஓடையின் இருபுறமும் மண்ணுக்குள் தனிக்குழாய். மழை வலுத்து அது தாங்காத நேரத்தில் இந்தக் கதவுகள் திறந்து, மிகுதி நீர் ஓடைக்குள் பாயும். அப்போது நடப்பவர்களை மேலே ஏற்றிவிடுவார்கள். வானம் கறுத்தால் இறங்காதீர்கள்.

ஓடுவது தானாக ஊறிய தண்ணீரும் இல்லை. ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றிவிடுகிறார்கள். சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரும் சேர்கிறது. "அப்போ இது ஆறே இல்லையாப்பா?" என்றாள் மகள். "மோட்டார் வைத்த வாய்க்கால்தான் பாப்பா, ஆனால் உள்ளே சாக்கடை இல்லையே" என்றேன். வேலை முடிந்த ஆட்கள் கல்லில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள். நம் தருமபுரியில் ஓடும் சனத்குமார நதியில் எவராவது கால் வைப்பார்களா? அங்கே நடைபாதையும் விளக்கும் போடுவதற்கு முன், வீட்டுக் கழிவுநீர் விழும் இடங்களை அடைத்து அதற்குத் தனிக்குழாய் போட்டாக வேண்டும். அதைச் செய்யாமல் தூர் வாரினால், அள்ளிய இடத்திலேயே மறுபடி சேறு சேரும்.

குறை ஒன்று உண்டு. மேம்பாலத்தின் கீழ் பிழைத்த நடைபாதை வியாபாரிகளைப் பழைய விளையாட்டரங்கத்துக்கு அனுப்பினார்கள். பிறகு அங்கிருந்தும் கிளப்பினார்கள். வழிகாட்டி இதை ஒரே வரியில் கடந்துவிட்டார். பட்டறைகளும் சில்லறைக் கடைகளும் இன்றும் அந்தக் கரையில் இருக்கின்றன. அந்த வியாபாரிகளுக்கு என்ன ஆனது என்பது ஓடையின் கதையில் பாதி. அதற்கு நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

நடை முடிந்ததும் கிளம்பிவிடாமல், கீழ்க்கரையில் இருக்கும் சொங்யெசொன் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். போகிற வழியில் இடிக்காமல் விட்ட மேம்பாலத் தூண்கள் மூன்று ஓடைக்குள் நிற்கும். அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை.