செர்மாட்டா, அனிவியேவா, லோட்சென்டாலா? வாலே மலைகளில் ஒரு வாரம் எங்கே தங்கலாம்

சுவிட்சர்லாந்து என்றதும் நம்மவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: சூரிக், லூசெர்ன், யுங்ஃப்ராவ்யோக், நாள் மிச்சமிருந்தால் செர்மாட். ஓடி ஓடிப் பார்ப்பவர்களுக்கு அது போதும். ஒரே கிராமத்தில் ஒரு வாரம் இருந்து, காலையில் மலையேறி, மாலையில் அந்த ஊர்க்காரர்களோடு ஒரே கடையில் ரொட்டி வாங்க ஆசைப்படுபவர்களுக்கு வேறு கணக்கு வேண்டும். தென்மேற்கே வாலே மாநிலத்தில் ரோன் ஆற்றின் இரு புறமும் பள்ளத்தாக்குகள் கிளை கிளையாகப் பிரிகின்றன. அவற்றில் செர்மாட், அதற்கு மேற்கே அனிவியே, ஆற்றுக்கு வடக்கே லோட்சென்டால் ஆகிய மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

செர்மாட்டை முதலில் முடித்துவிடலாம். 4,478 மீட்டர் மாட்டர்ஹார்ன் ஊருக்கு நேர் மேலே நிற்கிறது; அந்தக் காட்சிக்கு ஈடு கிடையாது. 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில் முழங்கால் வலி உள்ள பெரியவர்களையும் 3,089 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். கோடையிலும் பனியாற்றின் மேல் ஸ்கீ ஓட்டலாம். இரண்டே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் அங்கேயே போங்கள். ஆனால் ஊர் என்று பார்த்தால், ரயில் நிலையத்திலிருந்து சர்ச் வரை கைக்கடிகாரக் கடைகளும் ஹோட்டல்களும்தான். விலையும் அதற்கேற்றபடி.

அனிவியே, செர்மாட்டைச் சூழ்ந்த அதே சிகரங்களின் முதுகுப்பக்கம். வைஸ்ஹார்ன், சினால்ரோட்ஹார்ன், ஓபர்காபெல்ஹார்ன் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது. நடுவே சாலை கிடையாது, மலையேறிகள் மட்டும் கடப்பார்கள். ஜெனீவா விமான நிலையத்திலிருந்து ஏரிக்கரை வழியாகச் சியேர் வரை சுமார் இரண்டு மணி நேர ரயில். அங்கிருந்து மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து. பாறையைக் குடைந்த பாதையில், ஒரு பக்கம் நவிசான்ஸ் ஆற்றின் கிடுகிடு பள்ளம் தெரிய ஏறும். தலைசுற்றல் உள்ளவர்கள் உள்பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொள்வது நல்லது. அரை மணி நேரத்தில் விசுவா. எந்தக் கிராமத்துக்குப் போவதானாலும் பொதுவாக இங்கேதான் பேருந்து மாற வேண்டும்.

இந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஊரில் தங்குகிறோம் என்பதுதான் முக்கியம். செர்மாட்டோடு ஒப்பிடுவதைவிட இந்த ஊர்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே அதிகம் பயன்படும். 2009இல் ஆறு ஊராட்சிகள் சேர்ந்து அனிவியே என்ற ஒரே ஊராட்சி ஆகிவிட்டன. ஊர்களின் குணம் மட்டும் ஒன்றாகவில்லை.

கிரிமென்ஸ், புகைப்படங்களில் எல்லோரும் பார்த்த ஊர். வெயிலில் கறுத்த லார்ச் மர வீடுகள், சன்னல் தோறும் சிவப்பு ஜெரேனியம். வீடுகளுக்கு நடுவே நிற்கும் தானியக் களஞ்சியங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தரையிலிருந்து நாலு மரக்கால், ஒவ்வொரு கால் தலையிலும் வட்டமான தட்டைக் கல், அதன் மேல்தான் களஞ்சியம். காலில் ஏறி வரும் எலி கல்லின் அடிப்பக்கத்தில் தலைகீழாக நடக்க முடியாமல் திரும்பிவிடும். ஊர்ப் பொது வீட்டின் நிலவறையில் 'பனியாற்று ஒயின்' இருக்கிறது. அங்குள்ள லார்ச் பீப்பாய்களில் ஒன்று 1886ஆம் ஆண்டுக்கானது. பீப்பாயை முழுவதும் காலி செய்வதே இல்லை. எடுத்த அளவுக்குப் புது ஒயினை ஊற்றி வைப்பார்கள். பிசின் வாசனையோடு சற்றுக் கசப்பான ருசி. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். அனிவியே மக்கள் கீழே சியேரில் திராட்சைத் தோட்டமும் மேலே மாட்டு மேய்ச்சலுமாகப் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள். ஊர் இறங்கும்போது பாதிரியாரும் வாத்தியாரும்கூட உடன் இறங்குவார்களாம்.

ஸ்கீ என்றால் கிரிமென்ஸ்தான் வசதி. 2014இல் வந்த கேபிள் கார் ஊரிலிருந்து நேராகச் சினால் பக்கத்துச் சரிவுகளுக்குக் கொண்டுபோகிறது. இரண்டு ஸ்கீ தளங்களும் இப்போது ஒன்று மாதிரிதான்.

சினால் பள்ளத்தாக்கின் கடைசி ஊர், 1,675 மீட்டர். அழகு என்று பார்த்தால் கிரிமென்ஸுக்குப் பின்னால்தான். அறுபதுகள் எழுபதுகளின் பாணியில் அடுக்கு வீடுகள் சில கண்ணை உறுத்தும். குளிர்காலத்தில் வெயிலும் சீக்கிரம் மறைந்துவிடும். ஆனால் மலைக்காகவே வருபவர்கள் இங்கேதான் தங்குவார்கள், அது சரிதான். கோடையில் சொரெபுவாவுக்குக் கேபிள் காரில் ஏறி, அங்கிருந்து 2,895 மீட்டர் முகட்டுக்கு நடந்து, மறுபக்கம் மொய்ரி அணைக்கு இறங்கலாம். முகட்டைத் தாண்டியதும் கீழே பச்சையும் நீலமும் கலந்த ஏரி சட்டென்று தெரியும். அணையிலிருந்து கிரிமென்ஸுக்குக் கோடைப் பேருந்து உண்டு. மூன்று பள்ளத்தாக்கிலும் ஒரே ஒரு நடைதான் போக முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன்.

ஸ்கீ தெரியாது, குழந்தைகளும் பெற்றோரும் உடன் வருகிறார்கள் என்றால் எதிர்ச் சரிவில் இருக்கும் சேன்-லூக். தென்மேற்கு பார்த்த ஊர் என்பதால் மாலை வரை வெயில். ஊரிலிருந்து இழுவை ரயில் தினியூசாவுக்கு ஏற்றிவிடும். அங்கே ஒரு வானாய்வகம். அங்கிருந்து சூரியக் குடும்பத்தை அளவுக்குச் சுருக்கி வழியெங்கும் கோள்களை நட்டிருக்கிறார்கள். புதன், வெள்ளி எல்லாம் பக்கம் பக்கம். போகப் போக அடுத்த கோள் வரவே வராது, பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பாதை 2,337 மீட்டரில் இருக்கும் வைஸ்ஹார்ன் ஹோட்டலை நோக்கிப் போகிறது. 1882இல் கட்டிய அந்த ஹோட்டலுக்கு இன்றும் நடந்தே போக வேண்டும். குளிர்காலத்தில் பனியில் நடக்கவும் இந்த வழி நல்லது.

சேன்-லூக்குக்கு மேலே ஷாண்டோலன், 1,936 மீட்டர். இங்கே நமக்கு ஒரு தொடர்பும் உண்டு. ஆசியாவெங்கும் சுற்றிய ஜெனீவாக்காரர் எலா மயார், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் திருவண்ணாமலையில் ரமணரிடம் வந்து தங்கியவர். பிற்பாடு ஷாண்டோலனில் வீடு கட்டிக்கொண்டு அதற்கு அருணாசல மலையின் நினைவாக 'அச்சாலா' என்று பெயர் வைத்தார். 1997இல் இந்த ஊரில்தான் காலமானார். பழைய தேவாலயம் ஒன்றில் அவருக்குச் சிறு கண்காட்சி வைத்திருக்கிறார்கள். கோடையில் ஊர் போனால் எட்டிப் பாருங்கள்.

'கை படாத பள்ளத்தாக்கு' என்று விளம்பரங்கள் அனிவியேவைச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மொய்ரியில் 148 மீட்டர் உயர அணை நிற்கிறது. வீடுகளில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்களின் விடுமுறை வீடுகள். இந்த மாதிரி வீடுகள் ஊரில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2012இல் நாடே வாக்களித்ததற்கு இப்படிப்பட்ட ஊர்கள்தான் காரணம். நவம்பரிலோ மே மாதத்திலோ போனால் சன்னல்கள் சாத்தியிருக்கும், கேபிள் காரும் ஓடாது.

லோட்சென்டால் இன்னும் சிறியது, ஜெர்மன் பேசுவது. பெர்ன், தூன் பக்கம் உறவினர் இருந்தால் இதுதான் சுலபம்: கோப்பன்ஸ்டைன் வரை ஒரே ரயில், பிறகு பேருந்து. வீலர் கிராமத்திலிருந்து கேபிள் காரில் லௌகெர்னால்ப், அதற்கு மேலே 3,111 மீட்டர் ஹோக்கன்ஹார்ன்கிராட் வரை ஸ்கீ. பெரிய தளம் இல்லை, கற்றுக்கொள்பவர்களுக்குப் போதும். பிப்ரவரித் தொடக்கத்திலிருந்து தவக்காலத்துக்கு முந்தைய நாள் வரை, கோரமான மர முகமூடியும் ஆட்டுத் தோலும் மாட்டு மணியுமாகச் 'சேகெட்டா' உருவங்கள் இரவில் தெருவில் திரியும். துரத்திப் பிடித்தால் முகத்தில் பனியைத் தேய்த்துவிடுவார்கள், சிறு குழந்தைகள் அழுவது நிச்சயம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2025 மே 28 அன்று பிர்ஷ் பனியாறு சரிந்து பிளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதியைப் புதைத்துவிட்டது. சுமார் 300 பேரை முன்னதாகவே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் பெருமளவு தவிர்க்கப்பட்டது. பள்ளத்தாக்கின் அழகான கோடை நடைகள் பல பிளாட்டனுக்கு மேலே இருக்கும் ஃபாஃப்லர்ஆல்பில்தான் தொடங்கும். எந்தப் பாதை திறந்திருக்கிறது, பேருந்து எதுவரை போகிறது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இடிபாட்டைப் படம் பிடிக்கப் போவது சரியாகப் படவில்லை. வீலரிலோ கிப்பெலிலோ அறை எடுத்துத் தங்கினால் அந்த மக்களுக்கு உதவியாக இருக்கும்.

என் தேர்வு அனிவியே, அதிலும் முதல் தடவை போகிறவர்களுக்குச் சேன்-லூக். கோடையில் இரவு தங்குபவர்களுக்கு அனிவியே லிபெர்தே என்ற அட்டை கிடைக்கும். உள்ளூர்ப் பேருந்து, கேபிள் கார் செலவு பெருமளவு அதில் அடங்கிவிடும். சைவச் சாப்பாட்டுக்கு ராக்லெட் சீஸும் ரை தானிய ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள், அரிசி பருப்பைச் சியேரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் வாடகைக்கு விடுவார்கள். ஆகஸ்டில் சியேர்–சினால் மலை ஓட்டம் நடக்கும் வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம்; அதைத் தவிர்த்துச் செப்டம்பர் முதல் பாதியைப் பிடித்தால் கூட்டம் குறைவு, மொய்ரிப் பேருந்தும் ஓடிக்கொண்டிருக்கும்.