ஹார்ட் டிஸ்க்கை எடுக்குதில்லையா? வயரா, டிரைவரா, விண்டோஸா?

போன மாசம் அக்காவின் மகள் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் இருந்து போன் எடுத்தாள், குரல் தழுதழுத்தபடி. கம்பஸ் ஆய்வுக்கு எடுத்த படங்கள் முழுக்க ஒரே ஹார்ட் டிஸ்க்கில்.

"செருகினா 'யூ.எஸ்.பி டிவைஸ் நொட் ரெக்கக்னைஸ்ட்' எண்டு வருது மாமா. கடையில விண்டோஸைப் புதுசாப் போடச் சொல்லினம்."

"ஒண்டும் போடாத பிள்ளை. பின்னேரம் வாறன்."

செருகிய கருவியைக் கணினி அடையாளம் காணாத இந்தச் சிக்கலுக்கு நம் ஊரில் சொல்லப்படும் வைத்தியம் மூன்று: வயரையும் போர்ட்டையும் (செருகும் துளை) மாற்றுவது, டிரைவரை (டிஸ்க்கோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) அழித்துப் போடுவது, விண்டோஸையே புதிதாகப் போடுவது. முதலாவதற்கு ஐந்து நிமிடம், கடைசிக்கு அரை நாள். ஆனால் பலரும் கடைசியில் இருந்துதான் தொடங்குகிறார்கள்.

வயரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. யூ.எஸ்.பி 2.0 போர்ட் தரவேண்டிய மின்னோட்டம் 500 மில்லி அம்பியர், உள்ளே நீல நிறமாக இருக்கும் 3.0 போர்ட்டுக்கு 900. பென் டிரைவுக்கு இது தாராளம். தட்டுச் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கோ தொடங்கும் நொடியில்தான் இழுவை அதிகம். மெல்லிய வயர் என்றால் வழியிலேயே வோல்ட் இறங்கிவிடும். மருமகள் பெட்டியோடு வந்த வயரைத் தூக்கி வைத்துவிட்டு, பழைய போனின் மைக்ரோ யூ.எஸ்.பி சார்ஜ் வயரைக் குத்தியிருந்தாள். டிஸ்க்கில் உள்ள அகலத் துளையின் ஒரு பக்கத்தில் அது சரியாகப் பொருந்தும், அதனால் சந்தேகமே வராது. காதை வைத்துக் கேட்டேன்: தட்டு சுழல எழும்பி, 'டிக்' என்று விழுந்து, திரும்ப எழும்பியது.

ஒரு அடையாளம் சொல்கிறேன். லைட் எரிந்தும் கணினி மூச்சே விடாவிட்டால், தரவுக் கம்பியே இல்லாத சார்ஜ் வயராக இருக்கலாம். பிழைச் செய்தி வந்தால், ஏதோ தொடர்பு கிடைத்து அரைகுறையில் அறுந்திருக்கிறது.

போர்ட்டிலும் வித்தியாசம் உண்டு. மேசைக் கணினியில் பின்பக்கப் போர்ட், மதர்போர்ட் எனும் முதன்மைப் பலகையிலேயே பற்றவைத்தது. முன்பக்கத்துக்கு உள்ளே இன்னொரு வயர் ஓடுகிறது. குருநகர், பருத்தித்துறை போன்ற கடலோர வீடுகளில் உவர்க்காற்றுப் பட்டு உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்தும் பாருங்கள்.

டிரைவர் வழி எனக்கு இரண்டாமிடம். விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில், மஞ்சள் அடையாளத்தோடு கோட் 43 என்ற பிழை எண் நின்றால், அதை 'அன்இன்ஸ்டால்' செய்து, டிஸ்க்கைக் கழற்றி, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' போதாது: விண்டோஸ் 8 முதல் வந்த 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' பழைய நிலையைச் சேமித்து வைத்து அதையே திரும்ப எழுப்பும். காசு கேட்கும் 'டிரைவர் அப்டேட்' மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

விண்டோஸைப் புதிதாகப் போடுவதை, வேறு கணினியில் அதே டிஸ்க் ஒழுங்காக வேலை செய்தால் மட்டும் யோசிக்கலாம். அங்கேயும் எடுக்காவிட்டால் விண்டோஸில் பிழை இல்லை. நல்ல வயரிலும் 'டிக் டிக்' நிற்காவிட்டால் திரும்பத் திரும்பச் செருகாதீர்கள். தரவு மீட்பவரிடம் கொடுங்கள். 'போர்மட் செய்யவா' (அழித்துப் புதிதாக்கவா) என்று கணினி கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய குட்டை வயரை எடுத்துப் பின்பக்க நீலப் போர்ட்டில் குத்தினோம். தட்டு ஒரே சீராகச் சுழன்றது, படங்கள் வந்தன. இன்னொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க இரவு ஒன்பதரை.