ஐபிஎஸ்ஸா, ஓஎல்இடியா? எந்த லேப்டாப் திரை அதிக நாள் உழைக்கும்?

"ஓஎல்இடி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சீக்கிரம் போய்விடுமாமே?" புது லேப்டாப் வாங்கக் கிளம்பும் நண்பர்கள் தவறாமல் கேட்பது இது. பாதிதான் உண்மை. இரண்டுமே தேயும், தேயும் விதம்தான் வேறு.

ஐபிஎஸ் என்பது எல்சிடி திரையில் ஒரு வகை, அதற்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பெரும்பாலான லேப்டாப்களில் ஓரத்தில் ஒரு வரிசை சின்ன எல்இடி விளக்குகள் இருக்கும், அதுதான் பேக்லைட். பேனலின், அதாவது படம் காட்டும் திரைப் பலகையின், விவரக் குறிப்பில் அதன் ஆயுள் 15,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், அதற்கப்புறம் அணைந்துவிடும் என்று அர்த்தமில்லை. வெளிச்சம் பாதியாகக் குறையும் என்று அர்த்தம். தினமும் 8 மணி நேரம் ஓட்டினால் ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் மேல். பிரைட்னஸைக் குறைத்து ஓட்டினால் இன்னும் தாங்கும். திரை முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே அளவில் மங்குவதால் நம் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிகிறது. எரிந்த புள்ளி தேயும், எரியாத புள்ளி தேயாது. நீல நிறம்தான் முதலில் களைக்கும். அதனால் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பார் அங்கேயே தழும்பாகப் பதிந்துவிடலாம். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தை வைத்துப் பாருங்கள். தழும்பு இருந்தால் அடியில் ஐகான் வரிசை ஆவி மாதிரி தெரியும். டாஸ்க்பாரை மறைத்து வைப்பது, டார்க் மோட் (கறுப்புப் பின்னணி), இரண்டு மூன்று நிமிடத்தில் திரை தானாக அணைவது: இந்த மூன்றும் ஓஎல்இடிக்கு நிஜமாகவே ஆயுள் கூட்டும். ஐபிஎஸ்ஸில் டார்க் மோட் போட்டாலும் பேக்லைட் பின்னால் எரிந்துகொண்டேதான் இருக்கும், திரைக்கு லாபமில்லை.

நாள் முழுக்க எக்செல், கோடிங் என்று ஒரே ஜன்னலை வைத்து உட்காருபவர் என்றால் என் ஓட்டு ஐபிஎஸ்ஸுக்கு. படம் பார்க்க, போட்டோ திருத்த என்றால் ஓஎல்இடியைத் தைரியமாக வாங்கலாம்.

சரி, தேய்ந்து போகும் வரை எத்தனை திரைகள் தாக்குப்பிடிக்கின்றன? என் பழைய ஐபிஎஸ் இரண்டாவது வருடமே போனது. கீபோர்டு மேல் இயர்போனை வைத்துவிட்டு மூடியை அழுத்தியது நான்தான். மூலையில் ஒரு நட்சத்திரக் கீறல், அதிலிருந்து மைபோலப் பரவிய கறுப்பு. மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் திறக்காமல் நடுவில் பிடித்துத் திறப்பது, துடைக்கும்போது தண்ணீரைத் திரையில் தெளிக்காமல் துணியில் தொட்டுக்கொள்வது, இதெல்லாம் இரண்டு வகைக்கும் பொது.

திரை போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் மூடியை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் படம் துடித்தால், கீல் வழியாகப் போகும் கேபிள்மேல்தான் முதல் சந்தேகம். பேனலைவிட அதற்குச் செலவு குறைவு. ஐபிஎஸ் இருண்டு கிடந்தால் செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். உள்ளே படம் மங்கலாகத் தெரிந்தால் பேனல் பிழைத்திருக்கிறது, பேக்லைட் பக்கம்தான் கோளாறு. ஓஎல்இடியில் இந்த வித்தை பலிக்காது.