பை டூ காபியும் பிதுக்கம்பருப்பும்: பழைய பெங்களூரில் மூன்றரை நாள்

சேலத்துக்காரர்களுக்குப் பெங்களூர் என்றால் கல்யாணம், ஆஸ்பத்திரி, இல்லையென்றால் பிள்ளைக்கு ஐடி வேலை. சும்மா போய்ச் சுற்றிவிட்டு வருகிற ஊராக எங்கள் வீட்டில் யாரும் அதை நினைத்ததில்லை. அரையாண்டு விடுமுறைக்கு ஊட்டியில் அறை கிடைக்காமல் போனதால்தான் இந்தப் பயணமே. நான், இவர், பத்தாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், முழங்கால் வலியோடு எழுபத்தொரு வயது அத்தை. மால் வேண்டாம், அரண்மனை வேண்டாம், பழைய ஊரில் சாப்பாட்டுக் கடையும் மார்க்கெட்டும் மட்டும் பார்க்கலாம் என்று திட்டம் போட்டவள் மகள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம், குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். ஆனால் அந்த ஊர்க் கடைகள் குடும்பத்துக்காகக் கட்டியவை அல்ல. தனியாக வந்து, நின்றபடியே சாப்பிட்டு, பத்து நிமிடத்தில் பஸ் ஏறுகிற ஆளுக்காகக் கட்டியவை. ஐந்து பேராகப் போகிறவர்கள் அதற்குத் தகுந்தாற்போல் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும்.

பசவனகுடிப் பக்கம், நேஷனல் காலேஜ் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். இடம் அருமை. வெந்நீர் காலை எட்டு மணி வரைதான் என்று பணம் கட்டிய பிறகு சொன்னார்கள். டிசம்பர் கடைசிக் குளிரில் ஐந்து பேர் ஒரே குளியலறையில் எட்டு மணிக்குள் குளித்து முடிப்பது எப்படி என்று அவர்களிடமே கேட்டேன். சிரித்தார்கள். அறை எடுக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஸ்வெட்டர், மஃப்ளர் சகிதமாகக் காந்தி பஜார் வித்யார்த்தி பவன் ஓட்டல் வாசலில் போய் நின்றோம். ஷட்டர் மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. இது ஊருக்கே தெரியுமாம். மகள் போட்ட பட்டியலில் கடை தொடங்கிய ஆண்டு 1943 என்று இருந்தது, விடுமுறை நாள் மட்டும் இல்லை. அவளை ஒன்றும் சொல்லவில்லை, அவளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இதே மாதிரி லால்பாக் ரோடு எம்டிஆர் திங்கட்கிழமை கிடையாது, பிராமின்ஸ் காபி பார் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கிளம்பும் முன் இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அங்கிருந்து ஆட்டோ பிடித்துச் சங்கரபுரத்துக்கு, அந்தப் பிராமின்ஸ் காபி பாருக்கே போனோம். 1965லிருந்து நடக்கிற சின்னக் கடை. இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காபி, டீ, இவ்வளவுதான் பலகையில். சாம்பார் கிடையாது, சட்னி மட்டும். அந்தச் சட்னியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பச்சை நிறம், தண்ணியும் இல்லை கெட்டியும் இல்லை. இரண்டு இட்லி வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு போனால் இட்லி முழுகும்படி ஊற்றுகிறார்கள். தீர்ந்ததும் மறுபடி போய் நீட்டலாம், முகம் சுளிப்பதில்லை. என் மகன் நாலு தடவை போனான். நாலாவது தடவை ஊற்றுகிறவர் அவனைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினார், ஊற்றிவிட்டார். சாம்பார் இல்லாமல் இட்லியா என்று கேட்டுக்கொண்டே வந்த இவர், கடைசியில் தட்டில் மிஞ்சிய சட்னியைக் குடித்ததை நான் பார்த்தேன்.

ஆனால் உட்கார இடமில்லை. எல்லாரும் நடைபாதையிலும், பக்கத்துத் திண்டிலும், நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் மேலும் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள். அத்தை தட்டோடு நின்று சுற்றிலும் பார்த்தார். "கல்யாண வீட்டுலகூட இப்பெல்லாம் நின்னுகிட்டுத் திங்கறாங்க, நான் இன்னும் பழகலை கண்ணு" என்றார். கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து திண்டில் இடம் விட்டான். மறுநாளிலிருந்து மடக்கு ஸ்டூல் ஒன்றைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டே திரிந்தோம். இந்தப் பயணத்தில் உருப்படியாக நான் செய்த செலவு அந்த ஸ்டூல்தான்.

நின்று சாப்பிடுகிற இந்த ஓட்டல்களுக்குத் தர்ஷினி என்று பெயர். 1983ல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி என்று ஒரு கடை வந்தது, அதன் பெயரே இந்த வகைக்கெல்லாம் பொதுப்பெயராக ஒட்டிக்கொண்டது. முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும், டோக்கனைக் கவுன்ட்டரில் கொடுத்தால் கண்ணெதிரிலேயே எடுத்து வைப்பார்கள், நெஞ்சளவு உயர மேசையில் வைத்துச் சாப்பிட வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த மேசை எட்டாது. கழிவறையும் பல இடங்களில் கிடையாது, வயதானவர்களோடு போகிறவர்கள் மெட்ரோ நிலையத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

இந்த ஊர்க் கடைகளில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது 'பை டூ'. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தரச் சொல்வது. இதில் கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை, கோட் போட்டவரும் கேட்கிறார், கூலித் தொழிலாளியும் கேட்கிறார். ஐந்து பேர் ஒரே கடையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் அன்றைய காலை அத்தோடு முடிந்தது. பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் ஒரு காலையில் மூன்று கடை பார்க்கலாம். சௌ சௌ பாத் என்று கேட்டால் ஒரே தட்டில் ஒரு குவியல் காரா பாத், ஒரு குவியல் கேசரி, அதையும் பிரித்துக்கொள்ளலாம். காரா பாத் வேறொன்றும் இல்லை, காய்கறியும் மசாலாவும் போட்ட நம் ரவா உப்புமாதான். வீட்டில் உப்புமா என்றால் தட்டைத் தள்ளிவிடுகிற மகன் அங்கே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பெயர்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை விடியுமுன் கே.ஆர். மார்க்கெட். 1905ல் பெங்களூருக்கு மின்சாரம் வந்தபோது தெருவிளக்கு எரிந்த இடம் அது என்று மகள் படித்துக் காட்டினாள். நாங்கள் போனபோதும் இருட்டுதான், குண்டு பல்பு வெளிச்சத்தில் பூ மூட்டைகள். மேல்தளத்துக்குப் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பாருங்கள். மஞ்சள் சாமந்தி ஒரு குவியல், ஆரஞ்சு செண்டுமல்லி ஒரு குவியல், நடுவில் ஆட்கள் தலைச்சுமையோடு நெருக்கியடித்துப் போகிறார்கள். படமெடுக்க மேலேதான் நல்ல இடம். கீழே இறங்கினால் வேறு கதை. தரை முழுக்க ஈரம், மிதிபட்ட இலை, வழுக்கல். "பக்க, பக்க" என்று கத்திக்கொண்டு மூட்டையோடு வருகிறவர்களுக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும். மூட்டு வலிக்காரர்களையும் கைக்குழந்தையையும் கீழே கூட்டிப் போகாதீர்கள். அத்தையை மேலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம், திரும்பி வந்து பார்த்தால் பக்கத்தில் பூக்கட்டுகிற அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறார், தமிழில். அந்த அம்மாவுக்கு ஓசூர்ப் பக்கமாம். அங்கே தமிழ் தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனாலும் மகன் கன்னடம் கற்றுக்கொண்டே தீருவேன் என்று நின்றான். பூவுக்கு ஹூவு, பாலுக்கு ஹாலு என்று கேட்டதும், நம் 'ப' அங்கே 'ஹ' ஆகிறது என்று அவனே பிடித்துவிட்டான். பல் ஹல்லு, புலி ஹுலி. அப்புறம் வெல்லம் பெல்ல, வாழை பாளெ என்று 'வ'வும் 'ப' ஆனது. முழத்துக்கு மொள. பக்கத்துச் சிக்பேட், பளேபேட் தெருக்களில் நடக்கும்போது பளேபேட் என்றால் வளைப்பேட்டை, வளையல் விற்ற இடம் என்று அவனே சொன்னான். அந்தத் தெருக்களில் துணி வாங்குவதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தால் எவளால் புடவை பார்க்க முடியும்?

அன்று காலைச் சாப்பாடு எம்டிஆரில். 1924லிருந்து இருக்கிற கடை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் ரவையில் இட்லி செய்து பார்த்தார்கள், அப்படி வந்ததுதான் ரவா இட்லி என்கிறார்கள். இங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், அதற்காகவே அத்தை ஐந்து நட்சத்திரம் கொடுப்பார். ஆனால் காத்திருப்பு எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ரவா இட்லியோடு சின்னக் கிண்ணத்தில் உருக்கின நெய் வருகிறது, அதை ஊற்றி, முந்திரி இருக்கிற பக்கமாகப் பிய்த்தால் போதும், சட்னி எதற்கு என்று ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரம் நிற்பதற்குத் தகுமா என்றால், ஒரு தடவைக்குத் தகும்.

மாலையில் மகள் ஆசைப்பட்டாள் என்று புதுப் பாணிக் கஃபே ஒன்றுக்குப் போனோம். பெயர் வேண்டாம். மஞ்சள் விளக்கு, சிமென்ட் பூசாத சுவர், நாலு வகைக் கொட்டையின் ஜாதகம் எழுதிய அட்டை. காபி வர இருபத்தைந்து நிமிடம், வந்தது ஆறிப்போய். சூடாக வேண்டும் என்றதற்கு, இதுதான் சரியான சூடு என்று அந்தப் பையன் விளக்கம் சொன்னான். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "டிகாஷன் நல்லாத்தான் இருக்குது, இனி பால் கொண்டாரச் சொல்லு" என்றார். பில்லைப் பார்த்ததும் இவர் சொன்னதை எழுத முடியாது. நாற்காலி மட்டும் சுகமாக இருந்தது.

ஞாயிறு காலை வித்யார்த்தி பவனுக்கு இரண்டாம் படையெடுப்பு. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்து உள்ளே போனோம். சுவரில் கன்னட எழுத்தாளர்களின் படங்கள். தமிழ் பேசும் வீட்டில் பிறந்து கன்னடத்தில் எழுதி 1983ல் ஞானபீடம் வாங்கிய மாஸ்தி வாழ்ந்ததும் இந்தப் பக்கம்தான். பரிமாறுகிறவர் ஒரு கையில், விரல் நுனியிலிருந்து முழங்கை தாண்டி, தட்டின் மேல் தட்டாக அடுக்கிக்கொண்டு வருகிறார். பதினாறு வரை மகன் எண்ணினான், அதற்குள் அவர் கடந்து போய்விட்டார். தோசை தடிமன், வெளியே நெய்யில் முறுகல், உள்ளே மெத்து. நம் ஊர் மெல்லிசு ரோஸ்ட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எனக்குப் பிடித்தது, மகளுக்கு எண்ணெய் அதிகம்.

வெளியே வந்தால் காந்தி பஜார் கடைத்தெரு. காபித்தூள் கடையில் சிக்கரி எவ்வளவு என்று கேட்டு, கொட்டையை அங்கேயே அரைத்துத் தருகிறார்கள். பீபெர்ரி, பிளான்டேஷன் ஏ என்று இரண்டு வகைக் கொட்டையும் பாதிப் பாதி, நூற்றுக்கு இருபது சிக்கரி என்று வாங்கினேன், சூட்டோடு பொட்டலம் கட்டிய வாசனை ரயில் பெட்டி முழுக்க அடித்தது.

அத்தை நின்றது மொச்சைக்காய்க் குவியலில். அந்த ஊரில் அவரேக்காய் என்கிறார்கள், குளிர்காலம் வந்தால் தெருவெல்லாம் அதுதான். தர்மபுரிப் பக்கம் பிறந்தவருக்கு அதைப் பார்த்ததும் முழங்கால் வலி போய்விட்டது. குனிந்து ஒரு காயை எடுத்து விரலால் தேய்த்து மோந்தார். விரலில் பிசுக்கென்று ஒட்ட வேண்டுமாம், அந்த வாசனை இல்லாத காய் குழம்புக்கு ஆகாதாம். விற்கிற அம்மாவும் அதையேதான் சொன்னார், அந்த வாசனைக்கு அவர்கள் சொல்வது சொகடு. பக்கத்தில் ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பு, பச்சை வெள்ளையாகக் கூறு கட்டி வைத்திருந்தார்கள். ஹிதகிபேளெ என்றார். "பிதுக்கம்பருப்பு!" என்று மகன் கத்தினான், அவன் கணக்கு மறுபடியும் சரி.

பிதுக்கியதையே வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். என்றைக்குப் பிதுக்கியதோ, விலையைப் பார்த்தாயா என்று அத்தை காயாகவே மூன்று கிலோ வாங்கினார். சேலம் வந்து, ராத்திரி உரித்து ஊறப்போட்டு, திங்கட்கிழமை காலையில் ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கினோம். இரண்டரை மணி நேரம் ஆனது. பருப்பு விரலிலிருந்து தெறித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது எத்தனை என்று இன்னும் தெரியவில்லை. குழம்பு பிரமாதம். அடுத்த தடவை பிதுக்கியதை வாங்கலாம் என்று அத்தையே சொல்லியிருக்கிறார்.