பங்குத் தொகுப்பை எப்போது சமன்படுத்துவது: பினாங்கிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் மதிப்பு முதலீட்டு முறையில், அதாவது நான் கணித்த மதிப்பைவிட மலிவான விலையில், வாங்கிய எனது பங்குகளை 2019 முதல் ஒரே விதியின்படி சமன்படுத்தி (எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று சரிசெய்து) வருகிறேன். ஒரு பங்கின் விலை நான் கணித்த மதிப்பை நெருங்கினால் அதைக் குறைக்கிறேன். தொகுப்பில் அதன் விகிதம் கூடிவிட்டது என்பதை மட்டும் விற்பதற்குக் காரணமாகக் கொள்வதில்லை; ஒவ்வொரு பங்கையும் முன்பே வகுத்த விகிதத்துக்குத் திருப்பும் அந்த முறையைக் கீழே விகித விதி என்கிறேன்.

கணக்கைத் திறந்து பார்க்கும் நேரத்தை நிறுவனங்களின் அறிக்கைகளே தீர்மானிக்கின்றன. காலாண்டு முடிந்த இரண்டு மாதங்களுக்குள் அறிக்கை வெளியிட வேண்டும் என்பதால், டிசம்பரில் நிதியாண்டை முடிக்கும் நிறுவனங்களின் புதிய எண்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாத இறுதிக்குள் கைக்கு வந்துவிடும். அதற்கடுத்த வாரத்தில் மட்டுமே தொகுப்பைத் தொடுகிறேன்.

இந்த விதி கடுமையாகச் சோதிக்கப்பட்டது 2020இல்தான். கோவிட் பரவலின்போது கையுறை நிறுவனங்களின் பங்குகள் பல மடங்கு ஏறின. ஏறிய பிறகும், அவ்வாண்டின் இலாபத்தோடு ஒப்பிட்டால் அவை மலிவாகவே தோன்றின. சாதாரண ஆண்டுகளின் சராசரி இலாபத்தைக் கொண்டு மதிப்பிட்டிருந்ததால், அந்தத் தோற்றத்தை நம்பாமல் படிப்படியாக விற்க முடிந்தது. விகித விதியைப் பின்பற்றியிருந்தாலும் விற்றிருப்பேன், ஆனால் ஏற்றத்தின் தொடக்கத்திலேயே விற்கத் தொடங்கியிருப்பேன்.

இறங்கும் பங்குகளில்தான் இரு விதிகளும் உண்மையில் முரண்படுகின்றன. விலை சரிந்து விகிதம் குறைந்த பங்கை மேலும் வாங்கு என்று விகித விதி தயங்காமல் சொல்லும். என்னிடம் இருந்த ஓர் அச்சு ஊடகப் பங்கு, புத்தக மதிப்பில் (சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்த கணக்கு மதிப்பில்) பாதி விலையிலும் கையிருப்புப் பணத்தோடும் பார்ப்பதற்கு அழகாக இருந்தது. ஆனால் விளம்பர வருமானம் அறிக்கைக்கு அறிக்கை குறைந்துகொண்டே போனதால், விலையோடு சேர்ந்து நான் கணித்த மதிப்பும் இறங்கியது. விலைக்கும் மதிப்புக்கும் இடையிலான இடைவெளி அகலவில்லை என்பதால் ஒரு லாட்கூட (சந்தையில் வழக்கமாக வாங்கும் குறைந்தபட்சத் தொகுதி) சேர்க்கவில்லை. இத்தகைய பங்குகளுக்கு, கடனையும் செயல்பாட்டுப் பணவரவையும் மறுபடி கணக்கிட்ட பிறகே வாங்குவது என்ற நிபந்தனை எனக்கு மிகவும் உதவியிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலைகளை நம்பிச் சம்பளம் வாங்கும் பினாங்குக் குடும்பங்களுக்கு, வேலையும் வீட்டின் விலையும் ஏற்கெனவே குறைக்கடத்தித் துறையின் ஏற்ற இறக்கத்தோடு பிணைந்திருக்கின்றன. ஆகவே அத்துறைப் பங்குகளுக்கு மட்டும், எவ்வளவு மலிவாகத் தெரிந்தாலும், ஓர் உச்ச விகிதம் வைத்திருக்கிறேன்.

பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்கும் தனிநபருக்கு இங்கே மூலதன ஆதாய வரி இல்லை; அதனாலேயே நம்மவர்கள் தேவைக்கு மேல் விற்று வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். முத்திரை வரி 1,000 ரிங்கிட்டுக்கு 1 ரிங்கிட்தான் என்றாலும், குறைந்தபட்சத் தரகுக் கட்டணம் 8 ரிங்கிட் என்றால் 500 ரிங்கிட் பரிவர்த்தனையில் அதுவே 1.6 விழுக்காடாகிவிடும். எனவே எதையும் விற்பதற்கு முன், கைக்கு வந்த ஈவுத்தொகையை மலிவான பங்குகளுக்குத் திருப்புகிறேன். பெரும்பாலான காலாண்டுகளில் விற்பனைக்கே அவசியம் நேர்வதில்லை.

பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளைத் தவறாமல் படிக்க நேரமுள்ளவருக்கே இம்முறை பொருந்தும். அந்த நேரம் இல்லாதவருக்கு, ஆண்டுக்கொரு முறை விகிதத்தைச் சரிசெய்யும் எளிய வழியையே பரிந்துரைப்பேன்.