முட்டை ஒட்டுண்ணி அட்டை: குறை அட்டையில இல்ல, நான் அடிச்ச மருந்துல

கரும்புக்குக் கட்டுற ட்ரைக்கோகிரம்மா அட்டைய, அதாவது புழுவோட தாய்ப்பூச்சி வைக்கிற முட்டைக்குள்ள தன் முட்டைய வச்சு அதை அழிக்கிற குட்டிக் குளவி இருக்கற அட்டைய, ரெண்டு வருஷமா வாங்கிக் கட்டிட்டு இதை எழுதுறேன். மொத வருஷம் இது வேலைக்கே ஆகலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது தப்பு, அதை முதல்ல சொல்லிடறேன்.

நடந்தது என்னன்னா, கரும்பு நாலு மாசம் ஆனதும், கணுவத் துளைக்கிற இடைக்கணுப் புழுவுக்கு ஏக்கருக்கு 1 சிசி வீதம் 15 நாளைக்கு ஒரு தடவை, மொத்தம் 6 தடவை கட்டணும். 1 சிசின்னா சுமாரா 18,000லேர்ந்து 20,000 முட்டை, நெல் அந்துப்பூச்சியோட முட்டைய அட்டையில ஒட்டி அதுக்குள்ள குளவிய வளத்துக் குடுக்கறாங்க, தடவிப் பாத்தா உப்புத்தாள் மாதிரி இருக்கும், நல்ல அட்டைன்னா முட்டையெல்லாம் கருகருன்னு இருக்கும். அதே நேரம் பாத்து கரும்புல வெள்ளை ஈயும் வந்துடுச்சு. மருந்துக் கடையில கேட்டா குளோர்பைரிபாஸும் சைபர்மெத்ரினும் கலந்தது ஒண்ணைக் குடுத்து, குளவி முட்டைக்குள்ளதானே இருக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க. நம்பி அடிச்சிட்டு நாலாம் நாள் அட்டைய கட்டிட்டேன்.

மிஞ்சுன ஒரு துண்ட மட்டும் வீட்டுல கண்ணாடி பாட்டில்ல போட்டு வாயைத் துணியால கட்டி வச்சிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு காலையில பாக்குறேன், மிளகுத்தூளுக்கு உசுரு வந்த மாதிரி பாட்டில் பூரா ஓடுதுங்க! உடனே வயலுக்குப் போயி கரும்பு இலையத் திருப்பி லென்ஸ் வச்சுப் பாத்தேன். முட்டையில ஓட்டை விழுந்திருக்கு, குளவி வெளிய வந்திருக்கு, ஆனா அட்டைய சுத்தி இலை மேலயே செத்துக் கெடக்கு. ரொம்ப கஷ்டமாயிடுச்சு, காசு குடுத்து வாங்கியாந்து நம்ம கையாலயே கொன்னுருக்கோம்.

குளவி முட்டைக்குள்ள இருக்கறவரைக்கும் அந்த ஓடு கொஞ்சம் காப்பாத்தும், வெளிய வந்து இலையில நடந்தாதான் தாய்ப்பூச்சி வச்ச முட்டைய அது தேட முடியும், அங்கதான் மருந்துப் படிவு இருக்கு. அரை மில்லிமீட்டர் உடம்பு, எத்தனை தாங்கும்? சாகாம தப்பிச்ச குளவியும் முன்ன மாதிரி முட்டை வைக்காது, தேடிப் போற சுறுசுறுப்பும் போயிடும்.

ரெண்டாவது வருஷம் அட்டை கட்டுறதுக்கு முன்னயும் பின்னயும் 10 நாள் எந்த மருந்தும் அடிக்கல, சாயங்காலமா வெயில் தாழ்ந்ததும் இலைக்கு அடிப்பக்கம் ஸ்டேப்ளர் அடிச்சுக் கட்டினேன். வெட்டும்போது கழியப் பொளந்து பாத்தா கணுவுல புழு ஓட்டை நல்லாவே கம்மி. புழுவுக்கு மருந்து அடிச்சே ஆகணும்னா பிடி (Bt)ங்கற பாக்டீரியா மருந்து மாதிரியோ குளோரான்ட்ரனிலிப்ரோல் மாதிரியோ இந்தக் குளவிக்கு அவ்வளவா கெடுதல் பண்ணாததா பாத்து எடுங்க. வேப்பெண்ணெய்யதான் பயமில்லன்னு நினைப்போம், அதையும் கட்டுற நாள ஒட்டி வேணாம்.

அட்டைக்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ண ஏன் குறைச்சேன்னா, குளவி எப்ப வெளிய வரும்ங்கற தேதிய மட்டும் அட்டை மேல போட்டிருக்காங்க, 10 நாளைக்கு மருந்து அடிக்காதீங்கன்னு ஒரு வரி இல்ல. தயவுசெஞ்சு அதையும் பெரிய எழுத்துல அச்சடிச்சுக் குடுங்க.