ஒன்றரை மணி நேரப் பூட்டு

கைத்தொலைபேசிகளை உள்ளே வைத்து, மூடியிலுள்ள திருகைச் சுழற்றி நேரத்தைக் குறித்து அழுத்தினால், அந்த நேரம் முடியும்வரை திறக்காத நெகிழிப் பெட்டி ஒன்றை இணைய அங்காடியில் 79 மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவு உணவுக்கு ஏழு பேர் கூடுவோம்: என் தாயார், மனைவி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவனான மகன், பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் மைத்துனர், அவருடைய மகள், நான். இளையோர் மூவரும் சோற்றைப் பார்ப்பதைவிடத் திரையைப் பார்ப்பதே அதிகம் என்ற எண்ணத்தில்தான் இதை வாங்கினேன். இரண்டு மாதம் பயன்படுத்திய பிறகு, பெட்டியைப் பற்றி எனக்குப் பெரிய குறையில்லை. அந்த எண்ணத்தைத்தான் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெட்டி கண்ணாடிபோல் உள்ளே தெரியக்கூடியது. நான்கு திறன்பேசிகள் நின்றவாக்கில் அடங்குகின்றன. தடித்த உறை போட்ட ஐந்தாவதைப் படுக்கவைத்தால் மூடி பொருந்துவதில்லை, ஆகவே உறையைக் கழற்ற வேண்டும். ஏழு பேர் வீட்டுக்கு இது போதாது என்பதால் தாயாருக்கும் மனைவிக்கும் விலக்கு அளித்தோம். திருகை அழுத்தியதும் ஐந்து விநாடி அவகாசம் உண்டு, அதற்குள் மனம் மாறினால் திறந்துகொள்ளலாம். அதன்பின் இடையில் திறக்க எந்த வழியும் இல்லை. மிக அவசரமென்றால் உடைக்கத்தான் வேண்டும். இரண்டு சிறிய மின்கலங்களில் இயங்குகிறது, அவை வலுவிழந்தால் பூட்ட மறுத்துவிடுகிறது. பூட்டிய பிறகு சிக்கிக்கொள்வதைவிட அது நல்லதே. உண்மையான குறை, அந்தத் தெளிவான சுவர்தான். உள்ளே திரை ஒளிரும்போதெல்லாம் மேசையைச் சுற்றியிருக்கும் கண்கள் அங்கே திரும்புகின்றன, அதிர்வொலியோ நெகிழியில் பட்டுக் கரண்டி விழுந்ததுபோல் கேட்கிறது. அடியில் ஒரு கைக்குட்டையை விரித்து, ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு வைப்பது நல்லது. வெள்ளைச் சுவர் உள்ள வகையும் கிடைக்கிறது. மீண்டும் வாங்குவதாக இருந்தால் அதையே வாங்குவேன்.

வாங்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். இன்று கோலாலம்பூரில் கைத்தொலைபேசியைப் பூட்டுவது பணப்பையையும் சேர்த்துப் பூட்டுவதாகும். சாலையோர ஒட்டுக்கடைகளில்கூட, கைத்தொலைபேசியால் பணம் செலுத்துவதற்கான டூயிட்நவ் கியூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 2023 முதல் வாகனமோட்டும் உரிமமும் சாலை வரியும் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலிக்குள் வந்துவிட்டன. இரண்டாவது ஞாயிறன்று நாங்கள் வரவழைத்த ரொட்டி சானாய் கீழே வந்து நின்றபோது, கொண்டுவந்த இளைஞர் அழைத்த அழைப்பு பெட்டிக்குள்ளேயே ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. இன்னும் 52 நிமிடம் பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்த அந்தக் கருவியை ஐந்து பேரும் பார்த்துக்கொண்டு நின்றது நல்ல காட்சியல்ல. மகன் மின்தூக்கிக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடினான்.

பெட்டியோடு வந்த தாளில் ‘ஃபபிங்’ என்ற சொல் அச்சாகியிருந்தது. எதிரில் இருப்பவரைப் பொருட்படுத்தாமல் கைத்தொலைபேசியில் மூழ்குவதைக் குறிக்க, 2012-இல் ஆஸ்திரேலிய அகராதி ஒன்றின் விளம்பர முயற்சிக்காக உருவாக்கப்பட்ட சொல் அது என்று மகள் விளக்கினாள். “அந்தக் குற்றத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், அப்பா, நீங்கள் செய்பவற்றுக்குத்தான் இன்னும் பெயர் இல்லை,” என்றும் சேர்த்துக்கொண்டாள். அன்று தொடங்கிய பேச்சு, பெட்டி திறந்த பிறகும் நீண்டது.

இளையோரிடம் கைத்தொலைபேசி ஒழுக்கமே இல்லை என்று நினைத்திருந்தேன். அவர்களிடம் இருப்பதோ எங்களுடையதைவிடக் கண்டிப்பான ஒழுக்கம், ஆனால் அதன் விதிகள் வேறு. முன்னறிவிப்பின்றி ஒருவரை அழைப்பதை மூவருமே அநாகரிகமாகக் கருதுகிறார்கள். “பேசலாமா?” என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அழைப்பதுதான் முறையாம். பாட்டி காலத்தில் வாசலில் நின்று “வீட்டில் யாரம்மா?” என்று குரல் கொடுத்த பிறகுதானே உள்ளே வருவார்கள், அதைத்தான் நாங்கள் எழுத்தில் செய்கிறோம் என்றாள் மைத்துனர் மகள். என் தாயார் தலையசைத்தார். எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு அனுப்பும் பழக்கத்தின்மீதுதான் அவர்களுக்கு மிகுந்த மனத்தாங்கல். நான்கு நிமிடப் பதிவில் மூன்று நிமிடம் இருமலும் “ம்… அப்புறம்…” என்பதுமாக இருக்கும். செய்தி கடைசி இருபது விநாடியில் வரும். 2021-இல் பதிவுகளை இரு மடங்கு விரைவில் கேட்கும் வசதியைப் புலனம் கொண்டுவந்தது பெரியப்பாக்களுக்காகத்தான் என்று மகன் உறுதியாக நம்புகிறான். படித்ததைக் காட்டும் நீலக்குறியீட்டைப் பற்றி மட்டும் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. அதை அணைத்துவைப்பது தன்னைக் காத்துக்கொள்வது என்றாள் மகள். ஒளிந்துகொள்வது என்றான் மகன்.

தங்களைக் கேட்காமல் குடும்பக் குழுவில் படம் போடுவதும் அவர்களுடைய குற்றப்பட்டியலில் உண்டு. போன ஆண்டு ஒரு சாவு வீட்டில் தேவாரம் ஓதிக்கொண்டிருந்தபோது அழைப்பொலியாக முருகன் பாட்டு முழங்கிய கைத்தொலைபேசி யாருடையது என்று மைத்துனர் மகள் மெல்லக் கேட்டாள். அது அவளுடைய அப்பாவுடையது. இலகு ரயிலில் செவிப்பொறி இல்லாமல் நகைச்சுவைக் காணொளியை ரயில்பெட்டி முழுவதும் கேட்கும்படி ஓடவிடுகிறவர்களில் தன் வயதினர் எத்தனை பேர், என் வயதினர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும்படி மகள் சொன்னாள். எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கையை இங்கே எழுதப் போவதில்லை. வாகனம் ஓட்டும்போது கைத்தொலைபேசியை எடுத்தால் 300 வெள்ளி அபராதம் என்பதை மைத்துனருக்கு ஒவ்வொரு பயணத்திலும் நினைவூட்டுவதும் அவருடைய மகள்தான்.

அவர்கள் பக்கம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பேசிக்கொண்டிருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் ‘கேட்கிறேன்’ என்று சொல்வது அவர்களிடம் மிகுதி. பார்க்காவிட்டாலும் கேட்கிறோம் என்ற அவர்களுடைய வாதத்தை நான் ஏற்கவில்லை; என் தாயாரும் ஏற்கவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை எழாமல் இருப்பதுபோல, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை முகம் கொடுப்பதும் மரியாதை என்று அவர் சொன்னதை இளையோர் மறுக்கவில்லை. ஆனால் அன்று பெட்டியின் எண்களை அடிக்கடி எட்டிப் பார்த்தவர்கள் நானும் மைத்துனரும்தான். இளையோர் மூவரும் முதல் பத்து நிமிடத்துக்குப் பிறகு அதை மறந்துவிட்டார்கள்.

ஆகவே, பதின்ம வயதுப் பிள்ளைகளை அடக்குவதற்கென்று இதை வாங்காதீர்கள். பூட்டுவது பெற்றோரின் தொலைபேசியாகவும் இருந்தால்தான் அவர்கள் ஒத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் திருகைச் சுழற்றும் பொறுப்பை மகனிடமே கொடுத்த பிறகு முணுமுணுப்பு நின்றது. ஒன்றரை மணி நேரம் சரியான அளவு, இரண்டு மணி நேரம் வைத்த அன்று எல்லாரும் சாப்பிட்டு முடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தோம். முதியவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு தொலைபேசியாவது வெளியே இருக்கட்டும். ஐவருக்கு மேல் உள்ள குடும்பங்கள் பெரிய அளவைத் தேடுவது நல்லது.

போன ஞாயிறன்று மைத்துனர், பெட்டியில் இடம் போதாது என்று சொல்லித் தம் கைத்தொலைபேசியைக் காரிலேயே வைத்துவிட்டு வந்தார். ரசத்துக்கும் மோருக்கும் இடையில், காரைப் பூட்டினேனா என்று பார்த்துவர இரண்டு முறை எழுந்து போனார்.